நடுவானில் மறிக்கப்பட்ட விமானம்... தூக்குமேடை ஏறிய தலைவன்... 20 ஆண்டுகளாக அடங்காத ஈரான் எல்லை!

2010-ம் ஆண்டு, பிப்ரவரி 23. துபாயிலிருந்து கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று ஈரான் வான்வெளியில் பறந்துகொண்டிருந்தது. திடீரென அது தெற்கு ஈரானிலுள்ள பந்தர் அப்பாஸ் விமான நிலையத்தில் இறக்கப்பட்டது. உள்ளே ஏறிய அதிகாரிகள், பயணிகளில் இருவரை மட்டும் அழைத்துச் சென்றனர். அவர்களில் ஒருவர், முப்பது வயதை ஒட்டிய ஓர் இளைஞர். பெயர், அப்துல்மாலிக் ரிகி.

சிறிது நேரத்தில் ஈரான் தொலைக்காட்சிகள் முழுக்க அந்த முகம்தான். கைகள் கட்டப்பட்ட நிலையில், முகமூடி அணிந்த வீரர்களுக்கு நடுவே அவர் நடத்திச் செல்லப்படும் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. `ஈரானில் அதிகம் தேடப்பட்ட மனிதன் பிடிபட்டான்' என்று அரசு அறிவித்தது. பாகிஸ்தான் உதவியோடுதான் பிடித்தார்கள் என்று ஒரு தரப்பும், எங்கள் உளவுத்துறையின் சொந்தச் சாதனை என்று ஈரானும் சொல்லிக்கொண்டிருந்தன. நான்கே மாதங்கள். ஜூன் 20 அதிகாலை, டெஹ்ரானின் எவின் சிறையில் ரிகி தூக்கிலிடப்பட்டார்.

கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் ஈரான் நினைத்தது. ஆனால், 25 நாள்கள்தான் ஆகியிருந்தன. ஜூலை 15 அன்று ஜாஹிதான் நகரப் பள்ளிவாசல் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 27 பேர் பலி. ரிகியின் மரணத்துக்குப் பழிவாங்கவே இது என்று அவரது அமைப்பு அறிவித்தது.

அந்த அமைப்பின் பெயர், ஜுன்தல்லா. `இறைவனின் படை' என்று பொருள். பின்னர் அதே வேரிலிருந்து கிளம்பியதுதான் இன்று செய்திகளில் அடிபடும் ஜெய்ஷ் அல் அத்ல். அதாவது, `நீதியின் படை'. ஈரான் அரசு ஊடகங்கள் அதை அந்தப் பெயரால் அழைப்பதே இல்லை. `ஜெய்ஷ் அல் ஜுல்ம்', அதாவது `அநீதியின் படை' என்றே குறிப்பிடுகின்றன.

நீதியா, அநீதியா? யார் இவர்கள்? இவர்களுக்கும் ஈரானுக்கும் என்னதான் பிரச்னை? எல்லாவற்றுக்கும் மேலாக, இரு தரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சாதாரண மக்களின் நிலை என்ன?

மூன்று நாடுகளில் சிதறிய ஓர் இனம்!

ஈரான் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென்கிழக்கு மூலையில், பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் தொட்டபடி இருக்கும் பெரிய மாகாணம்தான் சிஸ்தான் - பலூசிஸ்தான். பரப்பளவு சுமார் 1.8 லட்சம் சதுர கிலோமீட்டர். 2016-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 27 லட்சம்தான். பெரும்பகுதி பாலைவனமும் மொட்டை மலைகளும். தலைநகரம், ஜாஹிதான்.

பெயரிலேயே இரண்டு நிலங்கள் இருக்கின்றன. வடக்கே இருப்பது சிஸ்தான். இங்கே பாரசீக மொழி பேசும் ஷியா முஸ்லிம்கள் அதிகம். தெற்கே இருப்பது பலூசிஸ்தான். இங்கே வாழும் பலூச் மக்களின் மொழி பலூச்சி. மதத்தில் பெரும்பாலும் சன்னி முஸ்லிம்கள்.

ஈரான், ஷியா நாடு. அரசின் அதிகாரபூர்வ மதம் ஷியா இஸ்லாம் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அதிபராக வருபவரும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆக, ஒரு பலூச் இளைஞர் இரண்டு வகையில் சிறுபான்மை. இனத்தால் பாரசீகர் இல்லை. மதப்பிரிவால் ஷியா இல்லை.

சரி, இந்த மக்கள் மட்டும் எப்படி மூன்று நாடுகளுக்கும் பங்கு போடப்பட்டார்கள்? 1871-ல் பிரிட்டிஷ் அதிகாரி கோல்ட்ஸ்மித் தலைமையிலான குழு, பலூச் மண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டது. கிழக்கே பிரிட்டிஷ் செல்வாக்கிலிருந்த கலாத் அரசு, மேற்கே பாரசீகம். அந்தக் கோடுதான் பின்னாளில் ஈரான் - பாகிஸ்தான் எல்லையானது. நீளம், 900 கிலோமீட்டருக்கும் மேல். கோட்டின் இரு பக்கமும் ஒரே குலம், ஒரே மொழி, ஒரே உறவுமுறை. மாமன் ஒரு நாட்டில், மருமகன் இன்னொரு நாட்டில்!

கோடு போட்ட பிறகும் மேற்குப் பக்க பலூச் தலைவர்கள் பல ஆண்டுகள் தங்கள் போக்கில்தான் ஆண்டுகொண்டிருந்தனர். 1928-ல் ரெஸா ஷாவின் ராணுவம் வந்து, தோஸ்த் முகமது கான் என்ற பலூச் தலைவரைத் தோற்கடித்ததும் அந்தச் சுயாட்சி முடிவுக்கு வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு மன்னர் போய் மதகுருமார்கள் வந்தார்கள். பலூச் மக்களைப் பொறுத்தவரை, டெஹ்ரானிலிருந்து வரும் உத்தரவுகள் மட்டும் மாறவில்லை.

குட்டைத் தண்ணீரும் முதலையும்!

இந்த மாகாணத்தின் வறுமையைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம் போதும். தெற்கிலுள்ள பல கிராமங்களில் குழாய்த் தண்ணீர் கிடையாது. மழைநீர் தேங்கும் குட்டைகள்தான் கதி. `ஹூதக்' என்று அழைக்கப்படும் அந்தக் குட்டைகளிலிருந்துதான் மனிதர்களுக்கும் தண்ணீர், ஆடு மாடுகளுக்கும் தண்ணீர். தண்ணீர் எடுக்கப் போகும் வேலை பெரும்பாலும் சிறுவர், சிறுமியர் தலையில். அந்தப் பகுதியில் `காண்டோ' என்ற சதுப்புநில முதலைகளும் வாழ்கின்றன. வறட்சியில் ஆறு வற்றினால் அவையும் குட்டைகளைத் தேடி வந்துவிடும். தண்ணீர் எடுக்கப் போன குழந்தைகள் முதலையிடம் சிக்கிய சம்பவங்களும், குட்டையில் விழுந்து இறந்த சம்பவங்களும் ஈரான் நாளிதழ்களிலேயே வந்திருக்கின்றன.

வடக்கே சிஸ்தானில் வேறு சோகம். ஒருகாலத்தில் மீனும் நாணலுமாகச் செழித்திருந்த ஹாமூன் ஏரி, ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் ஹெல்மண்ட் ஆற்றின் நீர் குறைந்ததால் காய்ந்து கிடக்கிறது. ஏரிப் படுகையிலிருந்து கிளம்பும் புழுதிப் புயல் ஊர்களை மூடுகிறது.

தொழிற்சாலை இல்லை, விவசாயம் இல்லை. பலரிடம் அடையாள ஆவணங்கள்கூட இல்லை. பிறகு பிழைப்புக்கு என்ன வழி? எல்லைதான். ஈரானில் அரசு மானியத்தால் பெட்ரோலும் டீசலும் மிக மலிவு. எல்லை தாண்டினால் பல மடங்கு விலை. பிக்கப் வண்டிகளில் கேன் கேனாக டீசலை அடுக்கிக்கொண்டு, மலைப்பாதையில் பறக்கிறார்கள் இளைஞர்கள். இவர்களுக்குப் பெயரே `சூக்த்பர்'. எரிபொருள் சுமப்பவர் என்று அர்த்தம். வண்டி கவிழ்ந்தாலும் தீ, துப்பாக்கிக் குண்டு பட்டாலும் தீ.

2021 பிப்ரவரி 22 அன்று சரவான் அருகே எல்லைப் பாதை மூடப்பட்டதை எதிர்த்துக் கூடிய இந்த எரிபொருள் சுமப்பவர்கள்மீது புரட்சிகரக் காவல் படையினர் சுட்டதில், குறைந்தது 10 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கூறின.

இதே எல்லை வழியேதான் ஆப்கானிஸ்தானிலிருந்து அபினும் ஹெராயினும் வருகின்றன. போதைப்பொருள் வழக்கில் ஈரானில் மரண தண்டனை உண்டு. ஈரான் மக்கள்தொகையில் பலூச் மக்கள் சுமார் 5 சதவிகிதம்தான். ஆனால், 2023-ல் போதைப்பொருள் வழக்குகளில் தூக்கிலிடப்பட்டவர்களில் 29 சதவிகிதம் பேர் பலூச் இனத்தவர் என்கிறது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல். 2016-ல் ஈரானின் அப்போதைய துணை அதிபர்களில் ஒருவரான ஷஹின்தொக்த் மொலாவர்தி, இந்த மாகாணத்தின் ஒரு கிராமத்தில் ஆண்கள் அத்தனை பேரும் தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்களின் பிள்ளைகள் நாளை எந்தப் பக்கம் போவார்கள் என்ற கவலையோடுதான் அவர் அதைச் சொன்னார்.

அந்தக் கவலைக்கு ஏற்கெனவே ஒரு விடை கிடைத்திருந்தது. ஜுன்தல்லா!

ரத்தத்தில் தொடங்கிய கணக்கு!

2000-களின் தொடக்கத்தில் அப்துல்மாலிக் ரிகி இந்த அமைப்பைத் தொடங்கினார். `பலூச் மக்களின் உரிமைக்காக, சன்னி மக்களின் உரிமைக்காகப் போராடுகிறோம்' என்பதே அவர்கள் முன்வைத்த வாதம். தனி நாடு கேட்கவில்லை என்றுகூட ரிகி சொன்னதுண்டு. ஈரான் அரசோ, `நாட்டைத் துண்டாடும் பிரிவினைவாதிகள், அந்நியக் கைக்கூலிகள்' என்றது.

வாதம் எதுவாக இருந்தாலும், செயல் என்னவாக இருந்தது என்பதுதான் முக்கியம்.

2006 மார்ச்சில் ஜாபோல் - ஜாஹிதான் சாலையில், பாதுகாப்புப் படையினர்போலச் சீருடை அணிந்து வண்டிகளை மறித்தார்கள். பயணிகளை இறக்கி, 20-க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். 2007 பிப்ரவரியில் ஜாஹிதானில் புரட்சிகரக் காவல் படையினர் சென்ற பேருந்து குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 2008-ல் சரவானில் 16 போலீஸாரைக் கடத்திச் சென்று கொன்றார்கள்.

2009 மே மாதம், ஜாஹிதானிலிருந்த ஷியா பள்ளிவாசலில் குண்டு வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். தொழுகைக்கு வந்தவர்கள். எந்த அதிகாரமும் இல்லாதவர்கள். இரண்டே நாளில், அந்தப் பள்ளிவாசல் அருகிலேயே மூவரைப் பொதுவெளியில் தூக்கிலிட்டது ஈரான்.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று பிஷின் என்ற எல்லை ஊரில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஷியா, சன்னி ஒற்றுமைக்காகப் பழங்குடித் தலைவர்களை அழைத்துக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார், புரட்சிகரக் காவல் படையின் தரைப்படைத் துணைத் தளபதி நூர் அலி ஷுஷ்தரி. அங்கே தற்கொலைக் குண்டு வெடித்தது. ஷுஷ்தரி உட்பட 40-க்கும் மேற்பட்டோர் மரணம். இறந்தவர்களில் பலூச் குலப் பெரியவர்களும் இருந்தார்கள். `யாருக்காகப் போராடுகிறோம்' என்று சொன்னார்களோ, அவர்களையும் சேர்த்தே அந்தக் குண்டு கொன்றது.

ரிகி தூக்கிலிடப்பட்ட ஆண்டின் நவம்பரில், ஜுன்தல்லாவை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது அமெரிக்கா. அதுவரை, `அமெரிக்காதான் இவர்களை வளர்க்கிறது' என்று ஈரான் குற்றம் சாட்டிவந்ததும், அமெரிக்கா அதை மறுத்துவந்ததும் தனிக்கதை. அடுத்த மாதமே சாபஹாரில், முஹர்ரம் துக்க ஊர்வலத்தில் வெடித்த தற்கொலைக் குண்டுகளுக்கு 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

புதிய பெயர், புதிய உத்தி!

தலைவன் போனதும் ஜுன்தல்லா சிதறியது. அந்தச் சிதறலிலிருந்து 2012-ல் எழுந்ததுதான் ஜெய்ஷ் அல் அத்ல். தலைவர், சலாஹுத்தீன் பாரூக்கி. புதியவர்களின் உத்தி கொஞ்சம் மாறியது. பள்ளிவாசல் குண்டுகளைவிட, எல்லைச் சாவடிகளையும் ராணுவ வாகனங்களையும் குறிவைத்தார்கள். தாக்குதலை வீடியோ எடுத்து இணையத்தில் வெளியிட்டார்கள்.

2013 அக்டோபர் 25 இரவு, சரவான் அருகே 14 எல்லைக் காவலர்கள் கொல்லப்பட்டனர். மறுநாள் காலையே, ஜாஹிதான் சிறையில் ஏற்கெனவே அடைபட்டிருந்த 16 பேரைத் தூக்கிலிட்டது ஈரான். இது பதிலடி என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. சிறைக்குள் இருந்தவர்கள், வெளியே முந்தைய இரவு நடந்த தாக்குதலை எப்படி நடத்தியிருக்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

2014 பிப்ரவரியில் ஐந்து எல்லைக் காவலர்கள் கடத்தப்பட்டார்கள். ஈரானில் ஆண்கள் அனைவருக்கும் கட்டாய ராணுவச் சேவை உண்டு. கடத்தப்பட்டவர்கள் அப்படிச் சேவைக்கு வந்த இளைஞர்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஈரானியர்கள் சமூக வலைதளங்களில் ஹேஷ்டேக் தொடங்கினார்கள். ஒருவரைக் கொன்றுவிட்டதாக அமைப்பு அறிவித்தது. மீதி நான்கு பேர் ஏப்ரலில் வீடு திரும்பினார்கள். அதற்குத் தூது போனவர்கள் யார் தெரியுமா? அந்த மாகாணத்தின் சன்னி மதகுருமார்கள்! துப்பாக்கி சாதிக்காததைப் பேச்சு சாதித்த அபூர்வமான தருணம் அது.

ஆனால், தாக்குதல்கள் நிற்கவில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று காஷ் - ஜாஹிதான் சாலையில் புரட்சிகரக் காவல் படையினரின் பேருந்துமீது வெடிமருந்து நிரப்பிய வாகனம் மோதியது. 27 பேர் பலி. 2023 டிசம்பரில் ராஸ்க் காவல் நிலையத்தில் 11 போலீஸார் பலி.

அந்த ராஸ்க் தாக்குதல்தான் இரண்டு நாடுகளைப் போரின் விளிம்புவரை கொண்டுபோனது.

48 மணி நேரப் பதற்றம்!

2024 ஜனவரி 16. பாகிஸ்தானின் பஞ்ச்கூர் பகுதியில் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் வீசியது ஈரான். `ஜெய்ஷ் அல் அத்ல் தளங்களைத் தாக்கினோம்' என்றது. `இறந்தது இரண்டு குழந்தைகள்' என்றது பாகிஸ்தான். தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஜனவரி 18 அதிகாலை, பாகிஸ்தான் பதிலுக்கு சரவான் அருகே குண்டு வீசியது. `எங்கள் நாட்டு பலூச் ஆயுதக் குழுக்கள் அங்கே ஒளிந்திருக்கின்றன' என்பது அதன் வாதம். பெண்கள், குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததாக ஈரான் அறிவித்தது.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். பாகிஸ்தான் பக்க பலூச் குழுக்களும் இவர்களும் ஒன்றா? இல்லை. பாகிஸ்தானில் போராடும் பலூச் விடுதலைப் படை போன்றவை இனத்தையும் நிலத்தையும் முன்னிறுத்துபவை. மதம் அங்கே முக்கியப் பேச்சில்லை. ஜெய்ஷ் அல் அத்ல், இனத்தோடு சன்னி மத அடையாளத்தையும் சேர்த்தே ஆயுதமாக்குகிறது. `உன் பக்கம் ஒளிந்திருக்கும் என் எதிரியை நீ பிடிக்கவில்லை' என்பதுதான் இரு நாடுகளும் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் புகார்.

ஆச்சர்யம் என்னவென்றால், பதற்றம் வந்த வேகத்திலேயே தணிந்தது. சில நாள்களில் தூதர்கள் பணிக்குத் திரும்பினார்கள். அந்த மாத இறுதியிலேயே ஈரான் வெளியுறவு அமைச்சர் இஸ்லாமாபாத் சென்று கைகுலுக்கினார். இரு தலைநகரங்களும் சமாதானமாகிவிட்டன. குண்டு விழுந்த இரண்டு ஊர்களும் பலூச் ஊர்கள். இறந்தது இரு பக்கமும் பலூச் மக்கள்.

அந்த வெள்ளிக்கிழமை...

இந்த மண்ணில் ஆயுதம் ஏந்தாத குரல்களே இல்லையா? இருக்கின்றன. ஜாஹிதானின் மக்கி பள்ளிவாசல் இமாம் மவ்லவி அப்துல்ஹமீது, ஈரான் சன்னி மக்களின் முக்கியமான குரல். அரசின் பாகுபாட்டைக் கண்டிப்பவர். அதேசமயம், ஆயுத வழியை ஏற்காதவர்.

2022 செப்டம்பர் 30. ஹிஜாப் விவகாரத்தில் மாஷா அமினி இறந்து ஈரான் முழுக்கப் போராட்டம் வெடித்திருந்த நேரம். சாபஹாரில் 15 வயது பலூச் சிறுமியை போலீஸ் அதிகாரி ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்ததாக எழுந்த புகாரும் சேர்ந்துகொள்ள, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஜாஹிதானில் மக்கள் கூடினார்கள். காவல் நிலையம் முன் கோஷமிட்டார்கள். பாதுகாப்புப் படையினர் சுட்டார்கள். தொழுகைத் திடல்வரை குண்டுகள் பாய்ந்தன. ஆம்னெஸ்டி முதலில் பதிவுசெய்த கணக்கே, குழந்தைகள் உட்பட 66 பேர். அந்த நாளை `ரத்த வெள்ளி' என்கிறார்கள் ஜாஹிதான் மக்கள்.

அரசு உடனே சொன்ன காரணம், `ஜெய்ஷ் அல் அத்ல் தாக்குதல்'. அந்த அமைப்போ, தங்களுக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. சில வாரங்களில் மாகாணப் பாதுகாப்பு கவுன்சிலே அதிகாரிகள் தரப்பில் தவறு நடந்ததாக ஒப்புக்கொண்டு, நகர போலீஸ் தலைவரைப் பதவிநீக்கம் செய்தது. அதன் பிறகும் பல மாதங்கள், வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து மக்கள் வெறுங்கையோடு தெருவில் நடந்தார்கள்.

ஆயுதக் குழு செய்யும் பெரிய கெடுதல் இதுதான். அது இருக்கும்வரை, வெறுங்கையோடு உரிமை கேட்பவரையும் `பயங்கரவாதி' என்று முத்திரை குத்த அரசுக்கு ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். அரசு அப்படிச் சுடும்வரை, ஆயுதக் குழுவுக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு!

தூரத்து நாட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே மாகாணத்தின் கடற்கரையில்தான் சாபஹார் துறைமுகம் இருக்கிறது. பாகிஸ்தான் மண்ணை மிதிக்காமல் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் சரக்கு அனுப்ப இந்தியா நம்பியிருக்கும் வழி அது. அங்குள்ள ஷஹீத் பெஹெஷ்தி முனையத்தை இயக்க 2024 மே 13 அன்று 10 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரல் தொடக்கத்தில், சாபஹாரிலும் ராஸ்கிலும் ஒரே இரவில் புரட்சிகரக் காவல் படை அலுவலகங்கள்மீது ஜெய்ஷ் அல் அத்ல் தாக்குதல் நடத்தியிருந்தது. பல மணி நேரம் நீடித்த சண்டையில் 10-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினரும், தாக்கவந்தவர்களில் 18 பேரும் கொல்லப்பட்டார்கள். கப்பல்கள் வருகின்றன, ஒப்பந்தங்கள் வருகின்றன, தங்கள் வீட்டுக்கு என்ன வந்தது என்பதே உள்ளூர் மக்களின் நெடுநாள் கேள்வி.

குழந்தையோடு வந்த தாய்

2024 அக்டோபரில் கோஹர்கூ பகுதியில் 10 போலீஸார் கொல்லப்பட்டனர். 2025 ஜூலை 26 அன்று ஜாஹிதான் நீதிமன்றத்துக்குள் ஆயுதங்களோடு நுழைந்தது ஜெய்ஷ் அல் அத்ல். நீதிபதிகளும் அதிகாரிகளுமே எங்கள் இலக்கு என்பது அவர்கள் சொன்னது. ஆனால், கொல்லப்பட்ட 6 பேரில் ஒரு தாயும், அவரது ஒரு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். தாக்கவந்த மூவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

அமெரிக்காவும் ஈரானும் ஒரே கருத்தில் இருக்கும் விஷயங்கள் மிகக் குறைவு. இந்த அமைப்பு பயங்கரவாத அமைப்பு என்பது அவற்றில் ஒன்று. ஆனால், முத்திரை குத்துவதால் மட்டும் ஹூதக் குட்டையில் நல்ல தண்ணீர் வந்துவிடாது. தூக்குமேடையால் மட்டும் எல்லை அடங்கிவிடாது. ரிகியைத் தூக்கிலிட்டு 15 ஆண்டுகள் கடந்த பிறகும் ஈரான் அதே சாலைகளில்தான் சவப்பெட்டிகளைச் சுமக்கிறது.

இன்று இரவும் சரவான் மலைப்பாதையில் டீசல் கேன்களோடு ஒரு பிக்கப் வண்டி புறப்படும். ஓட்டுபவருக்கு இருபது வயது இருக்கலாம். மேலே சாவடியில், எங்கோ தொலைதூர ஊரிலிருந்து கட்டாயச் சேவைக்கு வந்து காவல் நிற்பவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. விடியும்போது இருவரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று இரண்டு வீடுகளில் இரண்டு தாய்கள் காத்திருப்பார்கள்.